டிஸ்டோனியாவும் டிஸ்ட்ரோஃபியும் ஒன்றா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. ஒரு வருடமாக, மாலையானால் இடது கால் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கிறாள், அடிக்கடி விழுகிறாள். காலையில் எழுந்ததும் ஒன்றுமே இருப்பதில்லை. ஓடுகிறாள், கயிறு தாண்டுகிறாள். வேலை செய்யாமல் இருக்க நடிக்கிறாள் என்று பள்ளியில் சொன்னார்கள். எலும்பு மருத்துவர் ஒருவர் குதிகால் தசைநாரை நீளமாக்கும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். நரம்பியல் மருத்துவரோ சீட்டில் ‘டிஸ்டோனியா’ என்று எழுதி, லெவோடோபா கலந்த மாத்திரை கொடுத்திருக்கிறார். என் கணவரின் அக்கா மகனுக்கு மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி. 12 வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். இரண்டும் ஒரே நோய்தான், அந்த வழியில் வந்திருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். மாத்திரையைப் பற்றித் தேடினால் அது பார்க்கின்சன் நோய்க்கான மருந்து என்று வருகிறது. பயத்தில் இன்னும் கொடுக்கவில்லை. சி.கே. ரத்தப் பரிசோதனை 96, தலை எம்.ஆர்.ஐ. இயல்பாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்களுக்கு இப்போது தேவையான பதிலைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்டோனியாவும் டிஸ்ட்ரோஃபியும் ஒரே நோய் அல்ல, ஒன்றின் இன்னொரு வகையும் அல்ல. உங்கள் மகளின் சீட்டில் எழுதியிருப்பது டிஸ்டோனியா. அந்த மாத்திரையை இனியும் தள்ளிப்போடாதீர்கள். கொடுத்த மருத்துவரையே இந்த வாரம் பார்த்து, உங்கள் சந்தேகத்தை நேராகக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

குழந்தையைப் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய என்னால் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. ‘காலையில் எழுந்ததும் ஒன்றுமே இருப்பதில்லை.’ குழந்தைகளின் நரம்பியல் பார்க்கிறவர்கள் இந்த வரியைக் கேட்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் எல்லோரும் பயப்படுகிற அந்த இன்னொரு நோயைப் பார்த்துவிடுவோம்.

டிஸ்ட்ரோஃபி என்பது தசையின் நோய். பல வகை உண்டு. உங்கள் கணவரின் அக்கா மகனுக்கு இருப்பது, நீங்கள் சொல்லும் வயதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் டுஷேன் வகையாக இருக்கும். தசை நார் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போதெல்லாம் அந்த உறை கிழியாமல் தாங்கிப் பிடிக்கும் புரதத்தின் பெயர் டிஸ்ட்ரோஃபின். 1987-ல்தான் அதை அடையாளம் கண்டார்கள். டுஷேன் உள்ள பையன்களின் உடலில் அந்தப் புரதம் ஏறக்குறைய உருவாவதே இல்லை. அதனால் நடக்க நடக்க, ஓட ஓட, தசை நார்கள் கிழிகின்றன. உடல் அவற்றைச் சரிசெய்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல், அந்த இடத்தில் கொழுப்பும் தழும்பு போன்ற நார்த்திசுவும் வந்து நிரம்புகின்றன.

சி.கே. பரிசோதனைக்கு இங்கேதான் வேலை. சி.கே. என்பது தசைக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. தசை நார் கிழிந்தால் அது ரத்தத்தில் கசியும். டுஷேன் உள்ள சிறுவனுக்கு, நடக்க முடிகிற வயதில், இந்த அளவு பத்தாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அறிகுறி வெளியே தெரிவதற்கு முன்பே கூடிவிடும். உங்கள் மகளின் 96 இயல்பான அளவு. ஒரு வருடமாக நடை மாறி, விழுந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு சி.கே. இப்படி இருந்தால், டுஷேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. (சி.கே. பெரிதாகக் கூடாத டிஸ்ட்ரோஃபி வகைகளும் உண்டு. முகமும் தோள்பட்டையும் பலவீனமாகும் வகை ஒன்று. கையைப் பிடித்தால் விடுவிக்க நேரமாகும் மயோடோனிக் வகை இன்னொன்று. ஆனால் அவை எவையும் காலையில் கயிறு தாண்டிவிட்டு மாலையில் காலைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையாக வந்து நிற்காது.)

இன்னொரு விஷயம், உங்களுக்காக இல்லாவிட்டாலும் இதைப் படிக்கிற யாருக்காவது உதவும். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் இரண்டு நொதிகள் தசையிலும் இருக்கின்றன. அதனால் டுஷேன் உள்ள சிறுவர்கள் சிலர் ‘கல்லீரலில் கோளாறு’ என்று மாதக்கணக்கில் அலைந்த பிறகுதான் தசைப் பக்கம் வந்து சேர்கிறார்கள். சரியாக நடக்காத, படியேறத் திணறுகிற சிறுவனுக்குக் கல்லீரல் நொதி கூடியிருந்தால் சி.கே. ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது.

டிஸ்டோனியாவுக்கு வருவோம். இதில் தசை நன்றாகவே இருக்கிறது. நார் கிழிவதில்லை, தேய்வதில்லை. கோளாறு மூளையிலிருந்து தசைக்கு வரும் கட்டளையில். ஒரு காலைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும் என்றால், சில தசைகள் சுருங்க வேண்டும், அவற்றுக்கு எதிர்ப்பக்கத் தசைகள் அதே நேரத்தில் தளர்ந்து வழிவிட வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பேசல் கேங்க்லியா என்ற நரம்பணுத் திரள்களும், அவற்றோடு தொடர்புள்ள பகுதிகளும் சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்கின்றன. டிஸ்டோனியாவில் தளர வேண்டிய தசைகளும் சேர்ந்து சுருங்குகின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு இழுத்தால் கயிறு முறுக்கேறி நிற்குமே, அப்படிக் கால் முறுக்கிக்கொண்டு நிற்கும். எந்த அணியும் பலவீனமானதில்லை.

அதனால்தான் டிஸ்டோனியாவுக்கு விசித்திரமான சில குணங்கள் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கால் நேராக இருக்கும், நடக்கத் தொடங்கினால் திரும்பும். முன்னோக்கி நடந்தால் திரும்பும் கால், பின்னோக்கி நடந்தாலோ ஓடினாலோ சில பேருக்கு நேராகிவிடும். கழுத்து திரும்பிக்கொள்ளும் டிஸ்டோனியா உள்ள பெரியவர்கள் தாடையில் ஒரு விரலை லேசாக வைத்தால் போதும், தலை நேராகும். விரலின் பலத்தால் அல்ல, அந்தத் தொடுதலால். எழுதும்போது மட்டும் விரல்கள் மடங்கும், அதே விரல்களால் சட்டைப் பொத்தான் போட முடியும். தூங்கினால் பெரும்பாலும் முறுக்கு அடங்கிவிடும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் நடிப்பு மாதிரித் தெரிவதில் ஆச்சரியமில்லை. மருத்துவர்களே பல பத்தாண்டுகள் அப்படித்தான் நினைத்தார்கள். 1911-ல் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் இது மூளை சார்ந்த நோய் என்று எழுதி, இப்போது வழங்கும் பெயரையும் வைத்தார். அதன் பிறகும் ஏராளமான நோயாளிகள் மனநல சிகிச்சைக்கே அனுப்பப்பட்டார்கள். 1970-களில் லண்டனில் டேவிட் மார்ஸ்டன் போன்றவர்கள் ஆட்களைப் பொறுமையாகப் பரிசோதித்து எழுதிய பிறகுதான் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. லியோன் ஃப்ளைஷர் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞரின் வலது கை விரல்கள் 1960-களில், அவருடைய புகழின் உச்சத்தில், மடங்கத் தொடங்கின. பல வருடங்கள் இடது கைக்கு மட்டும் எழுதப்பட்ட இசையையே வாசித்தார். டிஸ்டோனியா என்று தெரிந்து, 1990-களில் இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி எடுத்துக்கொண்ட பிறகுதான் மறுபடி தொடர்ந்து இரண்டு கைகளாலும் மேடையில் வாசித்தார். அவர் நடிக்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா? உங்கள் மகளின் பள்ளியில் நீங்கள் தயங்காமல் சொல்லுங்கள்: காலையில் நன்றாக இருப்பதும் மாலையில் முடியாமல் போவதும் இந்த நோயின் இயல்பு, குழந்தையின் பிடிவாதம் அல்ல. இதை மருத்துவரிடம் ஒரு கடிதமாகவே எழுதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவமானப்பட்டு வளர வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

சரி, குழப்பத்துக்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. நுனிக்கால் நடையும் அடிக்கடி விழுவதும் இரண்டு நோயிலும் வரும். உங்கள் வீட்டார் அந்தப் பையன் சின்ன வயதில் நடந்ததைப் பார்த்திருப்பார்கள், இப்போது இவளைப் பார்க்கிறார்கள். பயம் வரத்தான் செய்யும். ஆகவே அருகில் போய்ப் பாருங்கள்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையை, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். டுஷேன் உள்ள சிறுவன் நேராக எழமாட்டான். முதலில் குப்புறத் திரும்புவான். கைகளையும் கால்களையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்குவான். அப்புறம் ஒரு கையை முழங்காலில் வைப்பான், இன்னொரு கையைத் தொடையில் வைப்பான், தன் உடம்பின் மேலேயே கைகளால் ஏறுவது போல நிமிர்வான். இடுப்பையும் தொடையையும் சேர்ந்த பெரிய தசைகள் பலவீனமானதால் அவன் கண்டுபிடித்த வழி அது. 1879-ல் வில்லியம் கவர்ஸ் இதை விவரித்ததால் மருத்துவர்கள் இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறோம். அந்தப் பையனின் கெண்டைக்கால் பெரிதாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். வயிறு முன்தள்ளி, இடுப்பு வளைந்து, அசைந்து அசைந்து நடப்பான். படியேறுவதுதான் அவனுக்கு முதலில் கஷ்டமாகும். ஓடி விளையாடிய அன்று கூடுதலாகக் களைப்பான், உண்மைதான். ஆனால் ஒரு இரவு தூங்கி எழுந்ததும் வேறு குழந்தையாக மாறிவிடமாட்டான்.

உங்கள் மகளை மாலையில் அதே போல எழச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் சட்டென்று எழுந்துவிடுவாள். நின்ற பிறகு, நடக்கும்போதுதான் பாதம் உள்ளே திரும்பும், குதிகால் மேலே போகும். சில குழந்தைகளுக்குக் கட்டைவிரல் மட்டும் மேல் நோக்கி நிமிர்ந்து நிற்கும். இரண்டு மணி நேரம் தூங்க வைத்துவிட்டு மறுபடி நடக்கச் சொன்னால் பாதம் நேராக இருக்கலாம். மருத்துவர் சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்திருப்பார். டுஷேனில் அந்தத் துடிப்பு குறைந்து மறைந்துபோகும். உங்கள் மகளுக்கு நான் சந்தேகப்படுகிற வகையில் வழக்கத்தைவிடத் துள்ளலாகவே இருக்கும்.

அந்த வகைக்கு வருகிறேன். டிஸ்டோனியா என்பது ஒரே ஒரு நோயின் பெயர் அல்ல. பல காரணங்களால் வரக்கூடிய ஒரு நிலை. அவற்றில் ஒன்றை 1970-களில் ஜப்பானியக் குழந்தை நரம்பியல் மருத்துவர் மசாயா செகாவா விவரித்தார். பெரும்பாலும் பள்ளி வயதுக் குழந்தைகள், ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகள் அதிகம். ஒரு பாதம் திரும்புவதில் தொடங்கும். காலையில் லேசாக அல்லது இல்லவே இல்லாமல், பொழுது ஏற ஏறக் கூடும். தூங்கினால் தேறும். இந்தக் குழந்தைகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் போதிய அளவு உருவாவதில்லை. அதைத் தயாரிக்கத் துணை செய்யும் ஒரு பொருளை உடல் உருவாக்குவதில் குறை. இதற்குக் காரணமான முக்கிய மரபணுவை 1994-ல் கண்டுபிடித்தார்கள். தூக்கத்தில் சேர்ந்த கொஞ்சம் டோபமைன் காலையில் கைகொடுக்கிறது, மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது என்பதுதான் மேலும் கீழுமான அந்த மாற்றத்துக்குச் சொல்லப்படும் விளக்கம்.

லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து. பார்க்கின்சன் நோயிலும் டோபமைன் குறைவதால் அதே மருந்தைக் கொடுக்கிறார்கள். உங்கள் மகளுக்குப் பார்க்கின்சன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பார்க்கின்சனில் டோபமைனைத் தயாரிக்கும் நரம்பணுக்களே அழிந்துகொண்டு வருகின்றன. செகாவா சொன்ன நிலையில் நரம்பணுக்கள் உயிரோடு, நன்றாக இருக்கின்றன. அவற்றுக்குக் கச்சாப்பொருள்தான் போதவில்லை. ஆகவே சின்ன அளவு மருந்தே போதும், பல பத்தாண்டுகள் கழித்தும் அதே சின்ன அளவு வேலை செய்யும். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வருடங்கள் போகப் போக மருந்தால் வரும் தொல்லைகள் இவர்களுக்குப் பொதுவாக வருவதில்லை. நீங்கள் தேடிப் படித்த பக்க விளைவுகளில் பெரும்பகுதி வயதான பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றியது.

நரம்பியலில் முழுக்கக் குணம் தெரியும்படி ஒரு மருந்து வேலை செய்வது எவ்வளவு அரிது என்பது இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். செகாவா வகையில் அது நடக்கிறது. தூக்கிக்கொண்டு வரப்பட்ட குழந்தைகள் நடந்து போகிறார்கள். பெருமூளை வாதம் என்று முத்திரை குத்தப்பட்டு, வருடக்கணக்கில் உடற்பயிற்சி மட்டுமே செய்துகொண்டிருந்தவர்கள், வளர்ந்த பிறகு இந்த மாத்திரையில் எழுந்து நடந்ததும் உண்டு. அதனால்தான் குழந்தைப் பருவத்தில் காரணம் தெரியாத டிஸ்டோனியா தொடங்கினால், மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரைகூடக் காத்திராமல், லெவோடோபாவைக் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் துறையில் ஊறிப்போன வழக்கம். உங்கள் மருத்துவர் அதைத்தான் செய்திருக்கிறார். அது சோதனை முயற்சி மட்டும் அல்ல, நோயைக் கண்டறியும் வழியும் அதுவே. இங்கே பெயர்க் குழப்பத்தால் நேரக்கூடிய நஷ்டம் பெரிது. ‘தசை நோய், மருந்தே கிடையாது’ என்று நினைத்துக்கொண்டு, மருந்து இருக்கக்கூடிய நோயைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். சீட்டு உங்கள் மேசை மேலேயே இருக்கிறது, சகோதரி.

மாத்திரையைப் பற்றிச் சில விஷயங்கள். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாளிலேயே மாற்றம் தெரியும், சிலருக்கு வாரங்கள் ஆகும். இரண்டு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு நாள், எந்த அளவு வரை கொடுத்துப் பார்ப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புரதம் நிறைந்த உணவோடு சேர்ந்தால் மருந்து உடலில் சேர்வது குறையும், ஆகவே பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்கச் சொல்வார்கள். கையிலோ முகத்திலோ நெளிவது போன்ற தேவையற்ற அசைவு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அளவு கொஞ்சம் கூடிவிட்டது என்று அர்த்தம். மருத்துவரிடம் சொன்னால் குறைப்பார். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

தொடக்கத்தில் குமட்டலோ வாந்தியோ வரலாம். இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். வாந்திக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் மெடோகுளோபிரமைடு என்று ஒன்று இருக்கிறது. அது மூளைக்குள் டோபமைனின் வேலையைத் தடுக்கும். டிஸ்டோனியாவே இல்லாத குழந்தைக்குக்கூட, அந்த மருந்தால் கழுத்து பின்னால் வளைந்து, கண்கள் மேலே செருகி, நாக்கு இழுத்துக்கொள்வதை அவசரப் பிரிவுகளில் பார்த்திருக்கிறோம். புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் போன்றவையும் அப்படித்தான். உங்கள் மகளுக்கு எந்த மருத்துவர் எதற்காக மருந்து எழுதினாலும், ‘இவளுக்கு டிஸ்டோனியா இருக்கிறது’ என்று முதலில் சொல்லிவிடுங்கள். குமட்டலுக்கு என்ன கொடுக்கலாம் என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடமே கேளுங்கள்.

லெவோடோபா கேட்கவில்லை என்றால்? அப்படியும் ஆகலாம், அதை மறைக்க விரும்பவில்லை. அப்போது வேறு காரணங்களைத் தேட வேண்டும். உடலில் செம்பு சேர்ந்துவிடும் வில்சன் நோய் அவற்றில் முக்கியமானது, அதற்கும் நல்ல மருந்து உண்டு. ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், சிறுநீரில் செம்பின் அளவு, கண்ணில் விளக்குப் பரிசோதனை, இவை போதும் பெரும்பாலும் தெரிந்துகொள்ள. ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், எம்.ஆர்.ஐ. இயல்பாக இருந்தாலும் கேளுங்கள். மரபணு வழி டிஸ்டோனியாக்கள் வேறு சிலவும் உண்டு. 1997-ல் கண்டறியப்பட்ட டி.ஓ.ஆர்.1.ஏ. மரபணுக் கோளாறு அதில் ஒன்று, அதுவும் குழந்தையின் காலில் தொடங்கி மற்ற இடங்களுக்குப் பரவக்கூடியது. அதற்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற மாத்திரைகள், இறுகிய தசையில் போடும் போட்டுலினம் ஊசி, தேவைப்பட்டால் மூளைக்குள் மின்முனை வைக்கும் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. ஊசியின் பலன் ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும், அப்புறம் மறுபடி போட வேண்டும். ஆனால் அதெல்லாம் அடுத்த கட்டம். இப்போதே அவற்றைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறுவை சிகிச்சைக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். காலையில் குதிகால் தரையில் நன்றாகப் படுகிறது என்றால் தசைநார் குட்டையாகிவிடவில்லை. நீளமாக உள்ள தசைநாரை இன்னும் நீளமாக்கினால், பிறகு மருந்தில் கால் சரியானாலும் அந்தக் கால் பலம் குறைந்து நிற்கும். மருந்தைக் கொடுத்துப் பார்த்து, அதன் பலன் தெரிந்த பிறகும் குதிகால் இறங்கவில்லை என்றால் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கலாம்.

பரம்பரை பற்றி உங்கள் வீட்டில் சொல்வதற்கு வருகிறேன். இதை உங்கள் கணவரோடு உட்கார்ந்து படியுங்கள். டுஷேனுக்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரு எக்ஸ்தான். அதில் கோளாறு இருந்தால் நோய் வந்தே தீரும், சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். உங்கள் கணவர் ஆரோக்கியமாக இருக்கிறார் என்றால் அவருடைய எக்ஸில் அந்தக் கோளாறு இல்லை. இல்லாததை அவர் மகளுக்குக் கொடுத்திருக்க முடியாது. அந்தப் பையனின் நோய் உங்கள் மகளுக்கு அவர் வழியாக வர வாய்ப்பே இல்லை.

கவனிக்க வேண்டியவர்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள். பையனின் அம்மா, அதாவது உங்கள் நாத்தனார், தனக்கு நோய் தெரியாமலே அந்தக் கோளாறைச் சுமப்பவராக இருக்கலாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பையனுக்கு அது அம்மாவிடமிருந்து வராமல் புதிதாகவே உண்டாகிறது, ஆகவே பரிசோதித்தால்தான் தெரியும். அவருக்கு மகள்கள் இருந்தாலோ, உங்கள் கணவருக்கு வேறு சகோதரிகள் இருந்தாலோ, குழந்தை பெறும் முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. சுமப்பவர்களுக்குச் சில சமயம் இதயத் தசையும் பலவீனமாகும் என்பதால் நாத்தனாருக்கு எக்கோ பரிசோதனையும் தேவை. அந்தப் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்தே கிடையாது என்று அவனை விட்டுவிட்டதாக இருந்தால் அது சரியில்லை. ஸ்டீராய்டு, இதயத்துக்கான மாத்திரை, இரவில் மூச்சுக்கு உதவும் கருவி என்று ஒழுங்காகக் கவனிப்பதால் டுஷேன் உள்ளவர்கள் பலர் இப்போது முப்பது வயதைத் தாண்டி வாழ்கிறார்கள். அவனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் நிலை வந்தால், நோயின் பெயரை மயக்க மருந்து மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் அவனுக்கு உயிருக்கே ஆபத்து.

உங்கள் மகளின் நோய்க்கும் மரபணுத் தொடர்பு இருக்கலாம், ஆனால் அது வேறு மரபணு. செகாவா வகையில் அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம். கோளாறு இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒன்றுமே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு, ஆண்கள் குறிப்பாக. இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கேட்டுப் பாருங்கள். யாருக்காவது மாலையில் கால் இழுக்குமா, வயதான பிறகு கை நடுக்கம் வந்ததா, எழுதும்போது விரல் மடங்குமா? யாரும் இதை நோய் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பதில் ‘ஆமாம்’ என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மிகவும் உதவும்.

அவளை உட்கார வைத்துவிடாதீர்கள். டுஷேன் உள்ள பையனுக்குத் தசை கிழியும்படியான கடும் பயிற்சி கூடாது என்று சொல்வோம். அந்த அறிவுரையை இவளுக்கும் போட்டு, விளையாட்டை நிறுத்தியிருந்தால் மறுபடி விடுங்கள். ஓடினால் இவளுடைய தசை கெடாது. மாலையில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வீடியோ எடுத்துப் போங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் ஒன்று, மாலை விளையாடி முடித்ததும் ஒன்று. வெறுங்காலில், முழங்காலுக்குக் கீழே நன்றாகத் தெரியும்படி, உங்களை நோக்கி நடந்து வருவதும் திரும்பிப் போவதும் இருக்கட்டும். தரையிலிருந்து எழுவதையும் எடுங்கள். காலை பத்து மணிக்கு மருத்துவர் முன்னால் குழந்தை நன்றாக நடந்து காட்டிவிட்டு வந்துவிடும், அதுதான் இந்த நோயில் உள்ள சிரமம். இதுவரை கொடுத்த எல்லா மருந்துகளின் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். மருந்து தொடங்கிய பிறகும் வாரம் ஒரு முறை அதே இடத்தில், அதே மாலை நேரத்தில் எடுத்து வையுங்கள்.

எந்த நேரத்திலாவது முறுக்கு உடல் முழுக்கப் பரவி, மணிக்கணக்கில் அடங்காமல், காய்ச்சலோ மூச்சுத் திணறலோ விழுங்க முடியாத நிலையோ சேர்ந்து வந்தால், அது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் மகளுக்கு இருப்பதை வைத்துப் பார்த்தால் அது வருவதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்துவைத்திருங்கள். மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆனதும் எப்படி இருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். சீட்டில் எழுதியிருக்கும் அளவையும், மாலை நடையில் என்ன மாற்றம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.